இரண்டு பக்கமும் நிரம்பும் பஸ்

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். காலை எட்டு மணிக்கு வேலூரிலிருந்து ராணிப்பேட்டைக்குப் போகும் பஸ்ஸில் நிற்க இடமில்லை. எதிரே ராணிப்பேட்டையிலிருந்து வேலூருக்கு வரும் பஸ்ஸிலும் படிக்கட்டு வரை ஆள். காலையில் கூட்டம் நகரத்துக்குள் வரும், மாலையில் வெளியே போகும் என்றுதானே படித்தோம், இங்கே மட்டும் ஏன் இப்படி என்பது முதல் கேள்வி. உங்களுக்கு ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை, மனைவிக்குக் காட்பாடியில் ஆசிரியர் பணி, சத்துவாச்சாரியில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறீர்கள், அது சரியாக வருமா என்பது இரண்டாவது. முதலாவதற்குப் பதில் புரிந்தால் இரண்டாவது தானாகவே தீர்ந்துவிடும். ஆற்காட்டில் வீடு, வேலூரில் பள்ளி என்று இருபத்தாறு ஆண்டுகள் போய்வந்த புவியியல் ஆசிரியன் நான். அந்த பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பார்த்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனத்தில் இருப்பது சென்னையின் பழைய படம். நடுவில் பாரிமுனை, சுற்றிலும் குடியிருப்புகள். தாம்பரம், ஆவடி பக்கத்திலிருந்து மின்சார ரயில்கள் காலையில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும், மாலையில் ஏற்றிக்கொண்டு திரும்பும். அம்பத்தூரும் பழைய மகாபலிபுரம் சாலையும் ஸ்ரீபெரும்புதூரும் வளர்ந்த பிறகு சென்னையிலேயே அந்தப் படம் கலைந்துவிட்டது. வேலூரும் ராணிப்பேட்டையும் அடங்கிய நம் வட ஆற்காட்டிலோ அப்படி ஒரு படம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய பிரிக்கப்படாத வேலூர் மாவட்டத்தில் 39 லட்சத்து 36 ஆயிரம் பேர். அவர்களில் நூற்றுக்கு 43 பேர் நகர்ப்புறத்தில் இருந்தவர்கள். அதாவது ஏறக்குறைய 17 லட்சம். இதில் வேலூரும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்து ஐந்து லட்சத்தைத் தொடவில்லை. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதிப்பேர் எங்கே? ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், அரக்கோணம், திருப்பத்தூர், பேர்ணாம்பட்டு என்று சிதறிக் கிடந்தார்கள். ராணிப்பேட்டை, ஆற்காடு, வாலாஜாபேட்டை, மேல்விஷாரம் நான்கும் ஒன்றிலிருந்து ஒன்று கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். தனித்தனியே பார்த்தால் சிறிய ஊர்கள், சேர்த்துப் பார்த்தால் ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு மேல். பெரிய ஊர் ஒன்று இருந்து மற்றவை அதன் நிழலில் வளர்ந்த வட்டாரம் இல்லை இது. பாலாற்றங்கரையில் வரிசையாக ஊர்கள், ஒவ்வொன்றுக்கும் சொந்தப் பிழைப்பு.

இது நேற்று வந்த அமைப்பும் இல்லை. நவாபின் தலைநகரம் ஆற்காட்டில் இருந்தது. கோட்டை வேலூரில். பிரிட்டிஷ் பட்டாளம் ஆற்காட்டுக்கு எதிர்க்கரையில் ராணிப்பேட்டையில் தங்கியது. வியாபாரம் நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய வாலாஜாபேட்டையில். வட ஆற்காடு மாவட்டத்தின் கலெக்டரோ சித்தூரில் இருந்தார். 1911இல் சித்தூர் தனி மாவட்டமான பிறகுதான் தலைமையிடம் வேலூருக்கு வந்தது. அரசு ஓர் ஊரில், கோட்டை ஓர் ஊரில், சந்தை ஓர் ஊரில் என்று பிரிந்து கிடந்த இடத்தில் மனிதர்கள் நடந்தும் வண்டி கட்டியும் போய்வந்துகொண்டேதான் இருந்திருப்பார்கள். சித்தூர் இன்று வேறு மாநிலம். ஆனாலும் காட்பாடியில் இருக்கும் பஸ் நிலையத்துக்குச் சித்தூர் பஸ் நிலையம் என்றே பெயர். முப்பத்தைந்து கிலோமீட்டர்தான், கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டி மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் வருகிறவர்களுக்கு 1911 ஒரு பொருட்டே இல்லை.

அடுத்து ரயில். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ‘ஆற்காடு’ வரை ஓடியது. பெயர்தான் ஆற்காடு; நிலையம் இருந்தது ஆற்றுக்கு வடக்கே, இன்றைய வாலாஜா ரோடு. அங்கிருந்து தண்டவாளம் வடகரையிலேயே திருவலம், காட்பாடி, குடியாத்தம் என்று மேற்கே போய், பிறகு ஆற்றைக் கடந்து ஆம்பூர் வழியாக ஜோலார்பேட்டையைத் தொடுகிறது. நெடுஞ்சாலையோ ராணிப்பேட்டையில் ஆற்றைத் தாண்டி, ஆற்காடு, மேல்விஷாரம், வேலூர், பள்ளிகொண்டா என்று தென்கரையில் போகிறது. ரயில் ஒரு கரை, ரோடு ஒரு கரை. இந்த வட்டாரத்தின் போக்குவரத்தில் இதைவிட முக்கியமான உண்மை வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. வேலூர்க்காரர் சென்னை ரயில்களில் பெரும்பாலானவற்றைப் பிடிக்க முதலில் பாலாற்றைக் கடந்து காட்பாடிக்குப் போக வேண்டும். காட்பாடிக்காரர் நெடுஞ்சாலை பஸ்ஸுக்கு ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வர வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறுதான். ஆனாலும் பாலத்தில் ஏறாமல் எவரும் எதையும் செய்ய முடியாது. 2022 ஜூனில் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தைப் பழுதுபார்ப்புக்காக மூடியபோது பஸ்கள் எல்லாம் சுற்றிக்கொண்டு போயின. எத்தனை ஆயிரம் பேருடைய வேலைநாள் அந்த ஒரு பாலத்தின்மேல் நிற்கிறது என்பது அப்போது பலருக்கும் உறைத்தது.

இனி பிழைப்பு. இந்த ஊர்களில் தோல் பதனிடுவது பழைய தொழில். ஆவாரம்பட்டையும் பாலாற்றுத் தண்ணீரும் துணை. தோல் ஷாப்புக்கு, அதாவது பதனிடும் கூடத்துக்கு, ஆள் அதிகம் தேவையில்லை. தேவைப்பட்டவர்கள் ஆண்கள், அவர்களும் பக்கத்துத் தெருக்காரர்கள், நடந்தே வந்துவிடுவார்கள். 1972இல் மத்திய அரசு அமைத்த சீதாராமையா குழு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யாமல் முடித்த தோலாகவும் பொருளாகவும் செய்து அனுப்ப வேண்டும் என்று சொல்லியது. அரசும் அந்த வழியில் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகள் பெருகியது அதன் பிறகுதான். ஷூவின் மேற்பகுதியைத் தைக்க நூற்றுக்கணக்கில் கைகள் வேண்டும்; அந்தக் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. ஊருக்குள் அத்தனை பேர் கிடைக்க மாட்டார்கள். ஆகவே கம்பெனி வேன் கிராமத்துக்குப் போனது. விடிந்தும் விடியாத நேரத்தில் ஆம்பூரைச் சுற்றிய எந்தச் சாலையில் நின்றாலும் பார்க்கலாம்: ஆலமரத்தடியிலும் ரேஷன் கடை வாசலிலும் சாப்பாட்டுப் பையோடு பத்துப் பெண்கள், அவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன்.

அந்தப் பெண்களின் தாய்மார்கள் பயணம் செய்தவர்கள் இல்லை. குடியாத்தம் பக்கத்திலும் காட்பாடி பக்கத்திலும் பீடி சுற்றுவது வீட்டுத் திண்ணை வேலை. இலையும் தூளும் கடையிலிருந்து வாங்கிவந்து, சுற்றிய கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தீர்ந்தது. தாய் சுற்றிய முறத்துக்கும் மகள் ஏறும் வேனுக்கும் இடையில் ஒரு தலைமுறைதான். நகர வளர்ச்சி என்றால் கட்டடம் எழும்புவது என்று நினைக்கிறோம். என்னைக் கேட்டால், இந்த வட்டாரம் நகரமானதற்கு முதல் சாட்சி அந்த வேன்தான். கிராமத்தில் கட்டடம் ஒன்றும் மாறவில்லை. ஆனால் வீட்டுக்கு ஒருவர் காலையில் கிளம்பி இருபது கிலோமீட்டர் போய் மாலையில் திரும்புகிறார்.

இப்படிக் கிராமமும் நகரமும் கலந்த நிலப்பகுதிக்குப் புவியியலாளர் டி. ஜி. மெக்கீ 1991இல் எழுதிய கட்டுரையில் ‘தேசகோட்டா’ என்ற பெயரை முன்வைத்தார். ஜாவாத் தீவின் வயல்களுக்கு நடுவே தொழிற்சாலைகள் எழுவதைக் கண்டு இந்தோனேசிய மொழியிலிருந்து எடுத்த சொல்: ‘தேசா’ என்றால் கிராமம், ‘கோட்டா’ என்றால் நகரம். நம் காதுக்கு அந்நியமான சொற்களா இவை? ஒன்று தேசம், மற்றொன்று கோட்டை. வேலூர்க் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கவே வேண்டியதில்லை.

பல மையங்கள் கொண்ட நகர்ப் பகுதி என்பதற்குப் பாடநூல்கள் முதலில் காட்டுவது நெதர்லாந்தின் ரான்ஸ்டட். ஆம்ஸ்டர்டாமில் வங்கியும் வணிகமும், ராட்டர்டாமில் துறைமுகம், ஹேக்கில் அரசாங்கம், உட்ரெக்ட்டில் ரயில் சந்திப்பு. நான்கில் ஒன்றும் மற்றதை விழுங்கவில்லை. இங்கே வேலூரில் மருத்துவமனையும் மொத்தக் கடைத்தெருவும், காட்பாடியில் ரயில் சந்திப்பும் விஐடி பல்கலைக்கழகமும், ராணிப்பேட்டையில் சிப்காட்டும் பெல் தொழிற்சாலையும், ஆம்பூரில் ஷூ, குடியாத்தத்தில் நெசவும் தீப்பெட்டியும், அரக்கோணத்தில் ரயில்வேயும் கடற்படை விமானத் தளமும். வேலைப் பிரிவினை அதே மாதிரிதான். ஒப்புமை அதோடு நின்றுவிடுகிறது. அங்கே ஊருக்கு ஊர் ரயில் கால்மணிக்கு ஒன்று ஓடுகிறது. இங்கே முகுந்தராயபுரம் நிலையத்தில் ஒரு பாசஞ்சரைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருப்பதைவிட பஸ்ஸுக்கு நடப்பது மேல்.

மையங்கள் பல என்பதை எப்படி உறுதிசெய்வது? எளிய வழி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஓர் ஊருக்குள் காலையில் வருகிறவர்களையும் அங்கிருந்து வெளியே போகிறவர்களையும் எண்ணுங்கள். வரவு மட்டும் மிகுதி என்றால் அது மையம். செலவு மட்டும் மிகுதி என்றால் புறநகர். வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் ஊர்கள் வரிசையாக அமைந்தால், அது பல மையங்கள் கொண்ட வட்டாரம். நீங்கள் பார்த்த இரண்டு பஸ்களும் சொன்னது இதைத்தான்.

அரசுக் கணக்கில் இது பிடிபடுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். 2011 கணக்கெடுப்பில், வேலைக்கு எவ்வளவு தூரம் எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள், நல்ல கேள்வி. ஒரு கிலோமீட்டருக்குள், இரண்டு முதல் ஐந்து, ஆறு முதல் பத்து என்று தூரவாரியாக அட்டவணையும் வெளியிட்டார்கள். ஆனால் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்பது அதில் இல்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் கிழக்கா மேற்கா, ஆற்றைக் கடந்தா கடக்காமலா, தெரியாது. விவசாயிகளும் விவசாயக் கூலிக்காரர்களும் வீட்டுத் தொழில் செய்பவர்களும் அந்த அட்டவணைக்கு வெளியே. மாணவர்களும் அதில் வரமாட்டார்கள். கல்லூரிகளாலும் பல்கலைக்கழகங்களாலும் நிரம்பிய ஒரு வட்டாரத்தில் மாணவரை விட்டுவிட்டுப் பயணத்தை எண்ணுவது, திருவிழாக் கூட்டத்தை எண்ணும்போது குழந்தைகளை விட்டுவிடுவது போல. சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம், பாகாயத்தில் மருத்துவக் கல்லூரி, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி, ஓட்டேரியில் முத்துரங்கம் கலைக் கல்லூரி: ஒவ்வொன்றும் ஊரின் ஒவ்வொரு மூலையில். பாகாயத்திலிருந்து காட்பாடிக்கு ஓடும் டவுன் பஸ்ஸில் எந்த நேரமும் இரு திசையிலும் ஆள் இருப்பதற்கு இதுவே காரணம்.

மையம் நகர்ந்துகொண்டும் இருக்கிறது. 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சிஎம்சி மருத்துவமனை, நூற்றிருபது ஆண்டுகள் வேலூர் நடுவிலேயே வளர்ந்தது. வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளுக்காகக் காந்தி ரோட்டு விடுதிகளில் தொங்கும் வங்காள மொழிப் பலகைகள் அந்த வளர்ச்சியின் அடையாளம். 2022இல் அதன் புதிய வளாகம் ரத்தினகிரி அருகே, ராணிப்பேட்டை மாவட்டத்தில் திறக்கப்பட்டது. வேலூரில் குடியிருந்து வேலூரிலேயே வேலை செய்துகொண்டிருந்த எத்தனையோ பேர் அதன் பிறகு காலையில் கிழக்கு நோக்கிப் போகிறார்கள். நீங்கள் பார்த்த ராணிப்பேட்டை பஸ்ஸின் நெரிசலில் ஒரு பங்கு அவர்களுடையது. 2024 செப்டம்பரில் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அது முழுமையாக இயங்கும்போது அரக்கோணமும் நெமிலியும் காவேரிப்பாக்கமும் இன்னொரு முடிச்சாகும்.

வேலை மாறினாலும் மனிதர்கள் வீடு மாறுவதில்லை. இதையும் சொல்ல வேண்டும். ஆற்காட்டில் என் தெருவில் வேலை மாறியவர்கள் பலர், ஊர் மாறியவர்கள் மிகச் சிலர். சொந்த வீடு இருக்கிறது, பெற்றோர் இருக்கிறார்கள், பிள்ளையின் பள்ளி இருக்கிறது. வாங்கிய இருசக்கர வண்டி மற்றதைப் பார்த்துக்கொள்கிறது. கணவன் ஒரு திசை, மனைவி ஒரு திசை என்று போகும் குடும்பத்துக்கு, எந்த ஊருக்கு மாறினாலும் ஒருவருக்கு நஷ்டம். நகர்ந்து குடியேறுவதற்குப் பதிலாக நாள்தோறும் போய்வருவது என்று ஒரு தலைமுறையே தீர்மானித்துவிட்டது. அது நல்ல தீர்மானம் என்றே நினைக்கிறேன், ஊர்கள் காலியாகவில்லை.

வட்டாரத்துக்கு வெளியேயும் இரண்டு காந்தங்கள் இழுக்கின்றன. ஜோலார்பேட்டையிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸ், சீசன் டிக்கெட்காரர்களின் வண்டி. காட்பாடியிலிருந்து சென்னை 130 கிலோமீட்டர். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் 145; திருப்பத்தூர் பக்கத்து இளைஞர்களுக்கு அதுவே பக்கம். மைசூர் வந்தே பாரத் 2022 முதல் காட்பாடியில் நிற்கிறது. சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வரை ஓடிக்கொண்டிருந்த மெமு என்ற மின்சாரப் பயணிகள் ரயிலை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். எல்லாம் நல்லது. ஆனால் இவை பெரும்பாலும் நம்மைத் தொலைவிலுள்ள பெருநகரங்களோடு கட்டுகின்றன. லத்தேரியை ஆம்பூரோடும் திருவலத்தை வாலாஜாவோடும் கட்டுவதற்கு அதே தண்டவாளம் இருந்தும் வண்டி போதவில்லை. அரக்கோணத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவே காலையிலும் மாலையிலும் அரைமணிக்கு ஒரு மெமு ஓடினால் இந்த வட்டாரத்தின் முகமே மாறும். இதை நான் இருபது ஆண்டுகளாகக் கேட்பவரிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

நிர்வாகமோ எதிர்த்திசையில் போயிருக்கிறது. 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். அரக்கோணத்துக்காரர் ஒரு கையெழுத்துக்காக வேலூர் வரை வந்த காலத்தை நான் அறிவேன். ஆனால் பயணம் அந்தக் கோடுகளை மதிப்பதில்லை. ஆம்பூரும் பேர்ணாம்பட்டும் ஒரே தோலால் பிழைக்கும் ஊர்கள், நடுவே இருபது கிலோமீட்டர்கூட இல்லை. இன்று ஒன்று திருப்பத்தூர் மாவட்டம், மற்றொன்று வேலூர் மாவட்டம். பஸ் தடமும் சாலைத் திட்டமும் மாவட்டவாரியாக யோசிக்கப்பட்டால் இரண்டுக்கும் நடுவில் போகிறவர் எந்தக் கோப்பிலும் இருக்க மாட்டார். இன்னொன்று: 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய உதவி. ஆனால் டவுன் பஸ் தடம் முடிகிற இடத்தில் அந்த உதவியும் முடிகிறது. மாதம் சில ஆயிரம் சம்பாதிக்கும் பெண்ணுக்கு, எந்த வேலைக்குப் போகலாம் என்பதை அந்தத் தடத்தின் கடைசி நிறுத்தம் தீர்மானிக்கிறது. தடத்தை ஐந்து கிலோமீட்டர் நீட்டினால் அவள் போகக்கூடிய வேலைகளின் எண்ணிக்கை கூடும். இதற்குப் பெரிய பாலமோ பெரிய பணமோ வேண்டியதில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். சத்துவாச்சாரி நல்ல இடம்தான்; கலெக்டர் அலுவலகம் பக்கம், நெடுஞ்சாலை வாசலில். ஆனால் அது தென்கரை. சிப்காட்டும் காட்பாடியும் வடகரை. அங்கே குடியிருந்தால் நீங்கள் கிழக்கே போய் ஆற்காட்டுக்கு அப்பால் ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும். உங்கள் மனைவி மேற்கே கிரீன் சர்க்கிள் சாலைச் சந்திப்பின் நெரிசலில் நின்று இன்னொரு பாலத்தைக் கடக்க வேண்டும். இருவரும் இரண்டு முறை, நாள்தோறும். கிலோமீட்டரைப் பார்த்து வீடு தேடாதீர்கள். இங்கே தூரத்தை அளப்பது பாலம்.

வடகரையிலேயே ராணிப்பேட்டை, சிப்காட், திருவலம், காட்பாடி என்று ஒரு பழைய சாலை போகிறது. திருவலத்தில் பொன்னையாற்றைக் கடக்க பிரிட்டிஷ் காலத்து இரும்புப் பாலம் இருக்கும். சம்பந்தர் பாடிய வில்வநாதேசுவரர் கோயிலும் அங்கேதான். திருவலத்தில் குடியிருந்தால் நீங்கள் கிழக்கே, உங்கள் மனைவி மேற்கே, இருவருக்குமே பாலாற்றைத் தொடாத வழி. ரயில் நிலையமும் உண்டு, எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் பாசஞ்சர் நிற்கும். வாடகை சத்துவாச்சாரி அளவுக்கு இருக்காது. குறை என்றால், இரவு ஒன்பதுக்கு மேல் பஸ் அரிது, பெரிய கடைகளுக்குக் காட்பாடிதான் போக வேண்டும். குழந்தைக்குப் பள்ளி பார்க்க வேண்டியிருந்தால் சேவூர் வரை தள்ளிப் போகலாம். அப்போது காட்பாடி இன்னும் நெருங்கும், உங்களுக்குக் கொஞ்சம் கூடும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பாக ஒரு திங்கட்கிழமை காலை ஏழரைக்குத் திருவலம் பஸ் நிறுத்தத்தில் அரைமணி நேரம் நில்லுங்கள். ராணிப்பேட்டை பக்கம் எத்தனை பஸ், காட்பாடி பக்கம் எத்தனை பஸ், எதில் ஏற முடிகிறது என்று இருவருமாக எண்ணிப் பாருங்கள். அடுத்த திங்கட்கிழமை சத்துவாச்சாரியில் அதேபோல நின்று பார்த்துவிட்டு, எண்ணிக்கையை எனக்கும் எழுதுங்கள்.